பழைய ராணுவ ரைஃபிள்: வேலூரில் எது முடியும், டெக்சாஸில் எதைப் பார்த்து வாங்குவது

கேள்வி: "சொந்த ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், .303-இல் பயிற்சி எடுத்தவர். நான் டெக்சாஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள் ஒன்று வாங்க ஆசை. அலமாரியிலும் இருக்க வேண்டும், அவ்வப்போது ரேஞ்சில் சுடவும் வேண்டும். எதை, எப்படிப் பார்த்து வாங்குவது? ஊரில் அப்பா பெயரிலும் ஒன்று வாங்க முடியுமா?"

பதில்:

ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அப்பா பெயரில் .303 வாங்க முடியாது. படைத்துறைத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய .303, 7.62 மி.மீ. ரைஃபிள்கள், .410 மஸ்கட், 9 மி.மீ. பிஸ்டல் எல்லாம் இந்தியச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல்துளை அளவு) வகை. அதற்கு அனுமதி தருவது கலெக்டர் கையில் இல்லை, மத்திய அரசிடம் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவர் என்பதால் இதில் சலுகை கிடையாது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் இந்த வகையை வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகம் 14 ஆண்டு சிறை. ராணுவமோ போலீஸோ கழித்துவிட்ட ரைஃபிளைப் பொதுமக்களுக்கு ஏலம் விடுவதில்லை. "ஆர்மி ஏலத்தில் எடுத்தது" என்று யாராவது சாக்குப்பையைப் பிரித்துக் காட்டினால், அது திருட்டுச் சரக்கு அல்லது கள்ளப்பட்டறை வேலை. விலை கேட்கக்கூட நிற்காதீர்கள். அப்பாவுக்குச் சட்டப்படி என்னென்ன வழி இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி உங்கள் பக்கம். கிரீன் கார்டு இருப்பதால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் ரைஃபிள் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம், சில விதிவிலக்குகள் தவிர. கடையில் வாங்கினால் 4473 என்ற படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து எடுத்துப்போகலாம். அடிக்கடி பழைய ரைஃபிள் வாங்கப் போகிறவர் என்றால் சேகரிப்பாளர் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 30 டாலர், 3 ஆண்டுக்குச் செல்லும். 50 வயது தாண்டிய ராணுவ ரைஃபிள்களை வேறு மாநிலத்திலிருந்தும் நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். அப்படி வாங்குவதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

எந்த ரைஃபிள் என்பதில் என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். சுடவும் வேண்டும், அப்பா நினைவாகவும் இருக்க வேண்டும் என்றால் இஷாப்பூர் 2ஏ1 வாங்குங்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரி, பழைய எஸ்.எம்.எல்.இ. (.303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் குட்டை வகை, நம்பர் 1 என்பதும் அதுதான்) வடிவத்தையே 7.62 நேட்டோ தோட்டாவுக்காக இன்னும் வலுவான எஃகில் புதிதாகச் செய்தது. .303-ஐத் துளைபோட்டு மாற்றியது என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள், அது தவறு. அடையாளம் சுலபம். மேகசின் 10 தோட்டாவுக்குப் பதில் 12 தோட்டா கொள்ளும், அடிப்பக்கம் சதுரமாக இருக்கும். பட் (தோளில் பதியும் பின்கட்டை) சேரும் இடத்தில் இருக்கும் இரும்பு வளையத்தின் பக்கவாட்டில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்து, மாடல், தயாரித்த ஆண்டு மூன்றும் பொறித்திருக்கும். 2ஏ-வில் பின்சைட் 2000 வரை அளவிட்டிருக்கும், 2ஏ1-இல் 800 வரைதான். அப்பா கையில் எடுத்தால் போல்ட் கைப்பிடி, முன்மூக்கு (குழல் முனையைச் சுற்றிய இரும்பு மூடி), ட்ரிகர் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். தோட்டா அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இல்லை, .303-தான் வேண்டும் என்றால் நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் அல்லது நம்பர் 4. முதலாவது 1907-இல் வந்த மார்க் 3-இன் எளிமையாக்கிய வடிவம். முதல் உலகப்போரில் வேலை மிச்சமாகட்டும் என்று மேகசின் கட்-ஆஃப், தொலைதூரச் சைட் போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். நம்மவர்கள் பயிற்சி எடுத்தது பெரும்பாலும் இஷாப்பூரில் செய்த இந்த வகையில்தான். நம்பர் 4 இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. துளைச் சைட், கனமான குழல். குறி பார்த்துச் சுட அதுவே மேல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவத்தின் எம்1 கேரண்டை நல்ல நிலையில் விற்கும் அரசு ஆதரவு அமைப்பான சி.எம்.பி. குடிமக்களுக்கு மட்டுமே தரும், நீங்கள் குடியுரிமை பெறும்வரை வெளிக்கடையில்தான் வாங்க வேண்டும். அதில் இன்றைய வேட்டைத் தோட்டாக்களைப் போட்டால் மெதுவாக எரியும் மருந்தின் வாயு அழுத்தத்தில், போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் ஆபரேட்டிங் ராடு வளைந்துவிடலாம். 150 கிரெய்ன் எம்2 பால் வகைக்குச் சமமானதுதான் அதற்கு. சுவிஸ் கே31 துல்லியத்தில் அபாரம், ஆனால் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது. ரஷ்ய மோசின் நகான்ட் ஒரு காலத்தில் கொள்ளை மலிவு. இப்போது அந்த மலிவும் போய்விட்டது, மிஞ்சுவது முரட்டு போல்ட் மட்டும்.

வாங்கும் இடத்தில் கையில் இருக்க வேண்டியவை: சிறிய டார்ச், சுத்தம் செய்யும் ராடும் துணியும், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளியை அளப்பது, கீழே விளக்குகிறேன்). கேஜ் இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் முதல் குண்டு. தோட்டா இல்லை என்பதை மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகு மற்ற சோதனைகளைத் தொடங்குங்கள்.

முதலில் தள்ளிவைக்க வேண்டியவற்றைத் தள்ளிவைப்போம். உலோகத்திலோ கட்டையிலோ டி.பி. என்று குத்தியிருந்தால் அது டிரில் ரைஃபிள். கவாத்துக்கு மட்டும், சுடவே கூடாது. சிலவற்றில் அறையிலேயே துளை போட்டிருப்பார்கள். சிலவற்றில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது, உள்ளே தேய்ந்திருக்கும். முன்கட்டையைச் சுற்றிச் செம்புக்கம்பி வரிந்து கட்டியிருந்தால் அது கிரெனேடு எறியப் பயன்படுத்தியது. பார்க்க அழகாக இருக்கும், சேகரிப்புக்கும் நல்லது. ஆனால் கிரெனேடின் அதிர்ச்சியை எத்தனை முறை வாங்கியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் சுடுவதற்கு வேண்டாம். இந்தியச் சிறைக்காவலுக்கும் போலீஸுக்கும் .410 மஸ்கட்டாக மாற்றிய எஸ்.எம்.எல்.இ.க்களும் வரும். உள்ளே புரி (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம்) இருக்காது, மேகசினில் மரக்கட்டை அடைத்திருப்பார்கள். விற்பவர் "ஷாட்கன் தோட்டா போடலாம்" என்பார். .303 பித்தளைக் கூட்டிலிருந்து செய்த தனித் தோட்டாவுக்கான அறை அது. கடையில் விற்கும் .410 அதற்குப் பொருந்த வேண்டுமானால் அறையை மாற்றிக் கடைந்திருக்க வேண்டும்.

அடுத்து எண்கள். லீ-என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடியின் பின்புறம், உடல் வளையம், குழல், முன்மூக்கு, பின்சைட் இலையின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடி என்று பல இடங்களில் சீரியல் எண் இருக்கும். எல்லாம் பொருந்தினால் சேகரிப்பு மதிப்பு கூடும். சுடுபவருக்கு இன்றியமையாதது போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றாக இருப்பது. போல்ட்டின் பூட்டுப் பற்களை அந்தந்த உடலுக்குத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். வேறு ரைஃபிளின் போல்ட் சுலபமாக உள்ளே போகும், ஆனால் ஒரு பல் மட்டும் பாரம் தாங்கும்படி ஆகிவிடலாம். எண்ணைச் சுரண்டிப் புதிதாகக் குத்தியிருந்தால் உருப்பெருக்கியில் பழைய எழுத்தின் நிழல் தெரியும். அதை வைத்தே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பட்டறையில் மறுபழுது பார்க்கும்போது ராணுவமே அப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் அதை எடுக்கக் கூடாது.

ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட் முகத்துக்கும், தோட்டாவைத் தாங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. .303 விளிம்புள்ள தோட்டா, ஆகவே விளிம்பின் தடிமனை வைத்து அளக்கிறோம். 0.064 அங்குலக் கேஜின் மேல் போல்ட் மூட வேண்டும். ராணுவ அளவான 0.074 கேஜின் மேல் மூடக் கூடாது. கைப்பிடியை ஒரு விரலால் மட்டும் அழுத்துங்கள், வலுவாக அழுத்தினால் எந்த போல்ட்டும் மூடும். நம்பர் 4-இல் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என நான்கு அளவில் உண்டு, எண் கூடக் கூட நீளமும் கூடும். இடைவெளி அதிகமானால் அடுத்த எண் தலையைத் திருகிப் பார்க்கலாம். நம்பர் 1-க்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு தலையாகப் போட்டுப் பொருந்துகிறதா என்று தேட வேண்டும். நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் வகையில் இன்னொன்றும் பாருங்கள். போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தில் ஒரு வெட்டு இருக்கும், அதன் ஓரம் சிதைந்திருந்தால் போல்ட்டை இழுக்கும்போதே தலை வெளியே எகிறும்.

2ஏ1-க்குத் தோட்டா விளிம்பில்லாதது, அளவு வேறு. தொடக்கக் கேஜ் 1.630 அங்குலம். .308 வின்செஸ்டருக்கான கடைசி எல்லை 1.638, 7.62 நேட்டோ ராணுவ எல்லை 1.6455. இந்த வித்தியாசத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவ எல்லைக்குள் சரியாக இருக்கும் ரைஃபிளில் மெல்லிய சுவருள்ள .308 கூட்டைச் சுட்டால் கூடு நீண்டு இரண்டாகப் பிரியலாம். 1.638-இல் போல்ட் மூடவில்லை என்றால் கவலையில்லை. மூடினால் நேட்டோ தரத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேட்டைக்கான அழுத்தம் மிகுந்த .308 எப்படியும் இதற்கு வேண்டாம்.

குழல் உள்ளே அழுக்காக இருந்தால் அதை அப்படியே பார்த்து முடிவெடுக்கக் கூடாது. விற்பவர் அனுமதியோடு இரண்டு துணி இழுத்த பிறகு பாருங்கள். முழுக்கப் பளபளப்பு வேண்டும் என்பதில்லை. கருத்திருந்தாலும் புரியின் ஓரங்கள் கூர்மையாக நின்றால் நன்றாகவே சுடும். பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் செம்பு அப்பும், துல்லியம் போகும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மோதிரம் போட்டது போல இருண்ட வளையம் தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது. யாரோ உள்ளே துணி சிக்கியிருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். நம்பர் 4 சிலவற்றில் ஐந்து புரிக்குப் பதில் இரண்டே புரி இருக்கும். அது போர்க்காலச் சிக்கனம், குறையில்லை.

குழலின் முனையைத் தனியாகப் பாருங்கள். குழலைத் துடைக்க உள்ளே விட்டு இழுக்கும் புல்-த்ரூ கயிற்றை ஒரே பக்கம் சாய்த்து இழுத்து இழுத்து முனை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். நாலுக்கு ரெண்டு அங்குலத் துண்டுத் துணி மாட்டி இழுத்த எந்தச் சிப்பாய்க்கும் இந்தப் பழக்கம் தெரியும், அப்பாவைக் கேட்டால் சொல்வார். சோதனைக்கு மருந்தில்லாத டம்மி தோட்டாவின் குண்டு முனையைக் குழல் முனையில் வையுங்கள். கூட்டின் வாய் போய்த் தொடும் அளவுக்குக் குண்டு முழுக்க உள்ளே இறங்கினால் தேய்மானம் அதிகம்.

இனி கட்டை. லீ-என்ஃபீல்டு குறி தவறுகிறது என்றால் பாதிக்கு மேல் காரணம் குழலில் இருக்காது, முன்கட்டையில் இருக்கும். முன்கட்டையின் பின்முனையில் இரண்டு தாங்குமுகங்கள் உண்டு. சுடும்போது உதை முழுவதும் அவற்றில் இறங்கும். எண்ணெய் ஊறி மரம் மெத்தென்றாகி நசுங்கினால் ஒவ்வொரு குண்டுக்கும் குழல் வேறு இடத்தில் உட்காரும். அங்கே விரிசல் இல்லாமலிருக்கத்தான் இஷாப்பூர் ரைஃபிள்களில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு போட்டார்கள். அந்தத் திருகைப் பார்த்து "யாரோ ஒட்டுப்போட்டது" என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், தொழிற்சாலை வேலைதான் அது.

பட் ஆடுகிறது, இறுக்கலாம் என்று நீளத் திருப்புளியைப் பின்னாலிருந்து விடுவதுதான் நம்பர் 1-இலும் 2ஏ1-இலும் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பட் போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும், அது முன்கட்டையில் பதித்த ஒரு தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை தகட்டோடு சேர்த்து மரத்தையும் பிளந்துவிடும். முன்மூக்கு, வளையங்கள், ட்ரிகர் கார்டு, முன்கட்டை என்று வரிசையாகக் கழற்றிய பிறகே பட் போல்ட். இறுக்கி முடித்ததும் சதுரம் தகட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்கட்டையைத் திரும்ப ஏற்ற வேண்டும். கடையிலேயே முன்கட்டையின் பின்முனையை உற்றுப் பாருங்கள். மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் ஓடினால் முந்தின உரிமையாளர் இதைச் செய்திருக்கிறார்.

முன்கட்டையை வெட்டி வேட்டை ரைஃபிளாக்கியவை மலிவாக வரும். சுட மட்டும் என்றால் லாபம். "அப்புறம் கட்டை வாங்கிப் பழையபடி ஆக்கிக்கொள்வேன்" என்று வாங்காதீர்கள். முன்மூக்கும் வளையங்களும் கைக்கட்டையும் உதிரியாக வாங்கிச் சேர்த்தால் முழு ரைஃபிளின் விலையைத் தாண்டும். நம்பர் 4 ஸ்னைப்பர் என்று விற்பவற்றில் போலி நிறைய. முதல் ரைஃபிளாக அதை வாங்கவே வேண்டாம்.

இயக்கம் பார்க்கும்போது ட்ரிகர் இரண்டு கட்டமாக வர வேண்டும். கொக்கியேற்றிய நிலையில் போல்ட்டைச் சற்று வேகமாக மூடுங்கள், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டும் ஊசி) தானாக விழக் கூடாது. சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுங்கள், அப்போதும் விழக் கூடாது. .303 மேகசினில் தோட்டா நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போனால் மாட்டிக்கொள்ளும், அதற்கு மேகசினைக் குறை சொல்வது நியாயமில்லை.

முதல் தடவை ரேஞ்சுக்குப் போகுமுன் குழலிலும் அறையிலும் உள்ள எண்ணெயை உலரத் துடையுங்கள். பின்பக்கம் பூட்டும் இந்த போல்ட்டுக்கு எண்ணெய்ப் பசையுள்ள அறை கூடுதல் பாரம். சுட்ட கூடுகளைச் சேர்த்துப் பாருங்கள். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பளிச்சென்று வளையம் ஓடினால் அடுத்த முறை அங்கேதான் அறும். சந்தேகம் இருந்தால் நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உரசுங்கள், பள்ளம் தட்டும். நம்பர் 4-இன் போர்க்களச் சைட் 300 கெஜத்துக்கு வைத்தது. 100 கெஜத்தில் குண்டு மேலே போவது இயல்பு. ட்ரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பழைய தோட்டா தாமதமாக வெடிப்பதுண்டு.

பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் (அடியில் உள்ள பொறிமருந்து) பெரும்பாலும் உப்பு விடும் வகை. அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துரு ஏற்றும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றி, அறைப் பக்கம் புனல் வைத்து அரை லிட்டருக்குக் குறையாமல் கொதிநீர் ஊற்றுங்கள். போல்ட் முகத்தையும் வெந்நீரில் துடையுங்கள். குழல் சூட்டிலேயே காய்ந்துவிடும், பிறகு துணி, பிறகு எண்ணெய்.

இப்போது அப்பா. ஊரில் ராணுவ ரைஃபிளுக்குச் சட்டப்படி மிக நெருங்கிய உறவு .315. பழைய 8 மி.மீ. மான்லிஷர் தோட்டா, இங்குள்ள ராணுவம் பயன்படுத்தாதது. அதனால்தான் பிரிட்டிஷ் காலத்திலேயே சிவிலியன்களுக்கென்று லீ அமைப்பில் .315 செய்து விற்றார்கள், இஷாப்பூரும் அதைத் தொடர்ந்தது. இதற்கு கலெக்டர் லைசென்ஸ் போதும். ஆனால் ஏன் வேண்டும் என்பதற்கு அவர் ஏற்கும் காரணம் வேண்டும். "நினைவுக்காக" என்பது எடுபடாது. 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு கம்மவான்பேட்டைக்கு வேலூர் கலெக்டர், ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் போக வேண்டும். வட ஆற்காடு மாவட்ட முத்திரையோடு தாத்தா காலத்து லைசென்ஸ் பீரோவில் இருந்தால், தேசியப் பதிவில் ஏறிய தனி அடையாள எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். உறவினர் 70 வயது தாண்டியவர், அல்லது 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவர் என்றால் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் உள்ள தனியாரிடம் வாங்கினால், விற்பவர் கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். ஒருவருக்கு மொத்தம் இரண்டு துப்பாக்கிதான். மேலே சொன்ன குழல், முனை, கட்டைச் சோதனைகள் .315-க்கும் அப்படியே பொருந்தும்.

லைசென்ஸ் வேண்டாம், கை பழக வேண்டும் என்றால் 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைஃபிள் போதும். டெக்சாஸ் ரைஃபிளை ஊருக்கு அனுப்பலாம் என்ற யோசனை வேண்டாம், இங்கே அதுவும் தடைசெய்யப்பட்ட போர்தான்.

அப்பாவை அங்கே அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் வருபவர் துப்பாக்கியைத் தொடுவதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம், நீங்கள் பக்கத்தில் நின்றாலும்கூட. ஆனால் ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் அவரிடம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. வெளியூர்க்காரர்களுக்கான வேட்டை லைசென்ஸை டெக்சாஸில் விற்கிறார்கள். ரேஞ்சுக்குப் போகுமுன் அதை அவர் பெயரில் வாங்கி, பாஸ்போர்ட்டோடு அவர் பையிலேயே வைத்துவிடுங்கள்.